மூட்டும் முத்திரையும்: லாங் பஜாரில் கிடைத்த ஓர் அனிமேப் பாவை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலூர் லாங் பஜாரில் வாங்கப்பட்ட, மூட்டுகள் கொண்ட அனிமேப் பாவை ஒன்றினையும் அதனுடன் வரும் கருவிகளையும் இக்கட்டுரை திறனாய்வுக்கு உட்படுத்துகின்றது. 'டீமன் ஸ்லேயர்' தொடரின் தலைமகனாகிய தஞ்சிரோவின் உருவம் அது. சோழர் செப்புத்திருமேனி, தோற்பாவை, கட்டைக்கூத்து, விசயநகரத் தூண்சிற்பம் ஆகியவற்றில் நிலை, கை, கருவி, தாங்கி என்பன பெறும் இடத்தை அளவுகோலாகக் கொண்டு இப்பாவை மதிப்பிடப்படுகின்றது. உறுப்புகள் மிகுந்தும் கதை குறைந்தும் நிற்பதே இதன் தலையாய குறை என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பாவை, மூட்டு, முத்திரை, தோற்பாவை, கட்டைக்கூத்து, அனிமே, விளையாட்டுப்பொருள்

முன்னுரை

தமிழ் நாட்டாரியல் ஆய்வுகளில் பாவை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தொடரில் முடிகின்றன: இக்கலை அழிந்து வருகின்றது, காக்கப்பட வேண்டும். அக்கவலை பொய்யன்று. தோற்பாவைக் கூத்துக் குறித்து மு. இராமசாமி, அ. கா. பெருமாள் முதலியோர் செய்த பணிகள் இல்லையெனில் நமக்கு இன்று எஞ்சியிருப்பது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். ஆயினும் பாவைக்கூத்தைப் பார்த்திராத தலைமுறை வெறுங்கையோடு இருக்கவில்லை. அதன் கையிலும் ஒரு பாவை இருக்கின்றது. அது நெகிழியால் ஆனது; பிறநாட்டுக் கதையொன்றின் உருவம்; நம் ஆய்வுலகம் அதனைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டது. ஒதுக்குவதற்கு முன் ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்தோமா என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

வேலூர்க் கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருப்பது லாங் பஜார். மளிகை, காய்கறி, பாத்திரம், பூ என எல்லாவற்றுக்கும் நகரமும் சுற்றுச் சிற்றூர்களும் வந்து சேரும் நெரிசலான கடைத்தெரு. அங்குள்ள சிறு கடையொன்றில், பந்துகளுக்கும் நீர்த்துப்பாக்கிகளுக்கும் நடுவே, ஒளிபுகும் முகப்புடைய அட்டைப்பெட்டிக்குள் அப்பாவை தொங்கிக்கொண்டிருந்தது. விலை 450 ரூபாய். "சார், இந்தச் செட்டுல கை மட்டும் ஆறு இருக்கு" என்றார் கடைக்காரர். அவர் அதனைப் பொம்மை என்று சொல்லவில்லை, 'செட்' என்றே சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டேன். ஆறு கை என்றதும் ஆறுமுகனை நினைத்துக்கொண்டவன் நான் மட்டுமாகத்தான் இருப்பேன்.

பெயர்

இவ்வகைப் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர். 1964இல் அமெரிக்க ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்னும் படைவீரன் உருவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சிறுவர்கள் பொம்மை வைத்து விளையாட மாட்டார்கள் என்னும் எண்ணத்தால் 'டால்' என்ற சொல்லைத் தவிர்க்க இப்பெயர் ஆக்கப்பட்டது. ஆண்மை பற்றிய ஓர் அச்சத்திலிருந்து பிறந்த கலைச்சொல் இது. ஜப்பானிய டக்காரா நிறுவனம் அதே உருவின் வழியில் 1972இல் 'ஹென்ஷின் சைபோர்க்', 1974இல் 'மைக்ரோமேன்' ஆகியவற்றைச் செய்தது. கையடக்க உருவில் நுண்ணிய மூட்டுகளை அமைக்கும் ஜப்பானிய மரபு அங்கிருந்து வளர்ந்து, 2006இல் கையோடோவின் 'ரிவோல்டெக்', 2008இல் மேக்ஸ் ஃபேக்டரியின் 'ஃபிக்மா', அதே ஆண்டில் பண்டாயின் 'எஸ்.ஹெச். ஃபிகுவார்ட்ஸ்' என வரிசைகளாகப் பெருகியது. லாங் பஜார்ப் பாவை இவற்றுள் எதுவுமன்று. இவற்றைப் பார்த்துச் செய்த பெயரிலிப் படி.

தமிழில் பாவை என்னும் சொல்லுக்கு அத்தகைய அச்சம் இல்லை, வேறொரு சிக்கல் உண்டு. திருக்குறளில் பாவை உயிரின்மைக்கு உவமையாக வருகின்றது. நுண்ணறிவில்லாதவன் அழகு மண்ணாற் புனைந்த பாவையின் அழகு (407). நாணமில்லாதவர் இயக்கம் கயிற்றால் இயங்கும் மரப்பாவையின் இயக்கம் (1020). இரப்பவர் இல்லாத உலகம் மரப்பாவை வந்துபோவது போன்றது (1058). மூன்று இடத்திலும் பாவை குறைபாட்டின் பெயர். இதற்கு நேர் எதிரான வழக்கும் தமிழில் உண்டு. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களுள் ஒன்று பாவை. அவுணரின் போர்க்கோலம் ஒழியுமாறு திருமகள் கொல்லிப்பாவை வடிவுகொண்டு ஆடியது அது. இங்கே பாவை இயக்கப்படும் பொருளன்று. ஆடி அரக்கரை வீழ்த்தும் வடிவம். 'அரக்கரை அழிப்பவன்' என்று பொருள்படும் தலைப்பையுடைய ஒரு ஜப்பானியக் கதையின் நாயகனைப் பாவை என்று அழைக்க இதைவிடப் பொருத்தமான முன்வழக்கு வேண்டியதில்லை. ஆகவே 'செயல் உருவம்' போன்ற சொல்லுக்குச் சொல்லான ஆக்கங்களை விடுத்து, மூட்டுப்பாவை என்னும் சொல்லை இக்கட்டுரை கையாள்கின்றது. உடன்வரும் பொருள்களைத் 'துணைக்கருவி' என்பதா என்னும் வினா கீழே எழும்.

பாவையும் அதன் அளவும்

கோயோஹாரு கோட்டோகே எழுதி வரைந்த மங்கா 2016 முதல் 2020 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடராக வந்து 23 தொகுதிகளாக நிறைவுற்றது. 2019இல் யூஃபோடேபிள் நிறுவனம் அதனை அசைபடத் தொடராக்கியது. 2025 செப்டம்பரில் 'இன்ஃபினிட்டி காசில்' திரைப்படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க்குரலிலும் வெளியாயிற்று. 2007இல் தொடங்கிய சுட்டி டிவி தலைமுறையிலிருந்தே பிறமொழி அசைபடங்களைத் தமிழ்க்குரலில் கேட்டுப் பழகிய நிலத்தில் அது வேற்றுக்கதையாக வந்து சேரவில்லை. கதை எளியது. கரி விற்கும் மலைவாழ் சிறுவன் தஞ்சிரோ. அவன் குடும்பத்தை ஓர் அரக்கன் கொன்றுவிடுகின்றான். எஞ்சிய தங்கை நெசுகோ அரக்கியாக மாறிவிடுகின்றாள். வெயில் பட்டால் அவள் அழிவாள். ஆகவே பகலில் அவளை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்தபடி, அவளை மீண்டும் மனித உருவாக்கும் வழியைத் தேடி அவன் போகின்றான். வாள், காதணி, கட்டமிட்ட மேலங்கி, நெற்றித் தழும்பு, பெட்டி: இவை அவனை அடையாளப்படுத்தும் பொருள்கள்.

கையிலுள்ள பாவையின் உயரம் தலைமுடி நீக்கி 14.4 செ.மீ. நெற்றி தொடங்கி மோவாய் வரை முகம் 2.4 செ.மீ. அதாவது ஆறு முகம் ஓர் உடல். நம் சிற்பநூல்கள் பேசும் தாலக் கணக்கில் முதன்மைத் தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், கணபதி போன்ற குறுவடிவங்களுக்கு ஐந்து தாலம் என்பது பொதுவழக்கு. சுவாமிமலை ஸ்தபதியர் ஒடியோலையை மடித்து அளவு குறிப்பது இந்தக் கணக்கைக் கொண்டே. ஆறு தாலம் என்பது குறுவடிவத்துக்கு மிக அருகில், வீரவடிவத்துக்கு வெகு தொலைவில் நிற்கும் அளவு. கதையின் தொடக்கத்தில் 13 வயதும் பின்னர் 15 வயதும் உடைய ஒருவனுக்கு இவ்வளவு பொருந்துகின்றது. பெயரிலிப் படியாக இருந்தும் அளவில் பிழையில்லை. மூலத்தை அளந்தவர் கவனமாக அளந்திருக்கின்றார்.

பெட்டியின் மேல் செய்தவர் பெயர் இல்லை, தரமுத்திரை இல்லை. '15 வயதுக்கு மேற்பட்டோர்க்கு' என்னும் எச்சரிக்கை மட்டும் உண்டு. 2020ஆம் ஆண்டின் விளையாட்டுப்பொருள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப்பொருள்களுக்குத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கியது. ஜப்பானிய மூல வரிசைகள் சேகரிப்பாளர்க்கானவை என்பதால் 15 வயது என்று அச்சிடுவது வழக்கம். படியெடுத்தவர் அவ்வெண்ணையும் சேர்த்தே படியெடுத்திருக்கின்றார். அதை நீர்த்துப்பாக்கிக்கு அருகே தொங்கவிட்டது கடைத்தெரு. காதணி தனியாகக் கழன்று வருகின்றது, அரிசி மணியளவே இருக்கின்றது. சிறு குழந்தை உள்ள வீட்டில் இது இருக்கலாகாது.

மூட்டு

மூட்டு என்பது பாவையின் இலக்கணம். கும்பகோணம் பகுதிப் பொம்மலாட்டத்தில் நான்கரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை செல்லும் மரப்பாவைகள் உண்டு. ஆட்டுபவர் தலையிலணிந்த வளையத்திலிருந்து கயிறுகள் இறங்கிப் பாவையின் எடையைத் தாங்க, கைகள் கம்பிகளால் இயக்கப்படுகின்றன. அங்கே மூட்டு தளர்வாக இருக்க வேண்டும், தளர்ச்சிதான் அசைவு. லாங் பஜார்ப் பாவையில் மூட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், இறுக்கம்தான் நிலை. முன்னது காலத்தில் நிகழும் கலை, பின்னது ஒரு கணத்தை நிறுத்தும் கலை. இரண்டையும் 'அசையும் பொம்மை' என்று ஒரே பெயரில் அடக்குவது தவறு.

தோற்பாவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் ஒளியில், கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே சொல்லி நிகழ்த்தப்படும் தோற்பாவைக் கூத்தினை எடுத்துக்கொள்ளலாம். மான்தோலில் செய்த அப்பாவைகளிற் பலவற்றுக்கு ஒரு கை மட்டுமே அசையும். ஆகவே ஒரே பாத்திரத்துக்கு அமர்ந்த பாவை, நின்ற பாவை, நடக்கும் பாவை, போரிடும் பாவை எனத் தனித்தனியே உண்டு. நிலை மாறும்போது உடலே மாறுகின்றது. மூட்டுப்பாவையில் உடல் ஒன்று. மாறுவன கையும் முகமும். தோல் முழுமையை மாற்றுகின்றது, நெகிழி பகுதியை மாற்றுகின்றது. இது பொருளின் இயல்பால் நேர்ந்த வேறுபாடு மட்டுமன்று. போரிடும் இராமனும் அமர்ந்த இராமனும் ஒருவரே என்பதைப் பார்வையாளர் பாட்டின் வழியே இணைத்துக்கொள்கின்றார். இணைக்கும் பணி கதைக்குரியது. மூட்டுப்பாவையில் அந்தப் பணியை முளையும் துளையும் செய்துவிடுகின்றன.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் நடுவில் நின்று தோற்பாவை பற்றி எழுதுபவர், இத்தோலிலேயே பாவை செய்யலாமே என்று எண்ணக்கூடும். இயலாது. தொழிற்கூடத்தில் குரோமியம் கொண்டு பதனிடப்பட்ட தோல் ஒளியை மறைக்கும். நிழற்பாவைக்கு வேண்டுவது பதனிடாது, மயிர் நீக்கிச் சுரண்டி, ஒளி ஊடுருவுமாறு உலர்த்திய பச்சைத்தோல். மூட்டுப்பாவைக்குத் தோலாடை தைக்கலாம் என்பாரும் உண்டு. ஆடைத் தோலின் தடிப்பு 0.6 மி.மீ. எனக் கொள்வோம். கதையில் 165 செ.மீ. உயரமுள்ள தஞ்சிரோவை ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறுக்கிய இவ்வுருவின் மேல் அத்தோல், உண்மை மனிதன் ஆறரை மி.மீ. தடிப்புள்ள கம்பளத்தை உடுத்தியது போலாகும். தோல் குறுகுவதில்லை, அதனால்தான் ஆடை நெகிழியில் வார்க்கப்படுகின்றது.

வார்க்கப்பட்ட ஆடையே இப்பாவையின் மூட்டுகளுக்கு முதற்பகை. தோள் பந்து நன்கு சுழல்கின்றது. முழங்கையில் இரட்டைக் கீல் இருப்பதால் கை தோளைத் தொடுமளவு மடிகின்றது. ஆனால் மேலங்கியின் கையோரம் கெட்டியான ஒரே துண்டு. வாளைத் தலைக்குமேல் ஓங்கினால் அங்கி கழுத்தில் இடித்து, தலை ஒருபக்கம் சாய்கின்றது. கதைத்தலைவனின் முதன்மை வீச்சையே அவன் உடுத்திய உடை தடுக்கின்றது. இடுப்பு நன்று. கணுக்கால் தளர்வு. இவ்வூர்க் கோடையில் இரண்டு மாதம் அலமாரி மேல் நின்றபின் வாளின் நுனி தாழ்ந்துவிட்டது. வெந்நீரில் அமிழ்த்தி நிமிர்த்தி, குளிர்நீரில் இட்டதும் நேரானது. அம்மருத்துவத்தை மூன்று முறை செய்துவிட்டேன்.

கை

ஆறு கைகள்: இறுகிய முட்டி இரண்டு, விரிந்த கை இரண்டு, வாளைப் பற்றும் துளைக்கை இரண்டு. மணிக்கட்டின் முளையில் கழற்றி மாட்டலாம். இப்பாவையைத் திறனாய்வதற்கு இதைவிட முக்கியமான இடம் வேறில்லை, ஏனெனில் கைக்கும் கருவிக்கும் உள்ள உறவில் தமிழகச் சிற்பிகள் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

சோழர் கால இராமன் செப்புத்திருமேனிகளில் ஒரு கை வில்லைப் பற்ற உயர்ந்தும் மற்றது அம்பைப் பற்றும் கடக முத்திரையிலும் இருக்கும். வில் தனியே செய்து பொருத்தப்படுவது. பெரும்பாலான திருமேனிகளில் இன்று வில் இல்லை. ஆயினும் பார்ப்பவர் எவரும் வில் எங்கே என்று தேடுவதில்லை. கையின் வளைவிலேயே வில்லின் நீளமும் எடையும் தெரிகின்றன. இதன் உச்சம் தஞ்சைக் கலைக்கூடத்திலுள்ள திருவெண்காட்டு இடபவாகனர். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்திருமேனியில் சிவன் கால்களைக் குறுக்கே வைத்து, ஒரு கையை இடபத்தின் மேல் ஊன்றியதுபோல் வளைத்து நிற்கின்றான். இடபம் இல்லை, கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கை எந்த உயரத்தில், எவ்வளவு நட்புடன் அவ்விலங்கின் மேல் சாய்ந்திருந்தது என்பதை உடல் முழுவதும் சொல்கின்றது. கருவி போனபின்னும் நிலை நிற்கின்றது.

இதனை அளவுகோலாகக் கொண்டு தஞ்சிரோவின் துளைக்கையைப் பார்க்கலாம். வாள் இருக்கும்போது அது வாள் பிடித்த கை. வாளை உருவியதும் அது வெறும் குழாய். நான்கு விரல்களும் ஒரே இறுக்கத்தில், கட்டைவிரல் அவற்றின் மேல் ஒட்டியபடி, எதைப் பற்றியிருந்தது என்பதற்கான சுவடே இல்லை. குடைக்காம்பையோ மிதிவண்டிப் பிடியையோ பற்றிய கையும் இவ்வாறே இருக்கும். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு இல்லை. ஜப்பானிய வாளில் இரு கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது அசைபடத்தை ஒருமுறை பார்த்தவர்க்கும் தெரியும். விரிந்த கை இரண்டும் மேல். அவற்றின் சுட்டுவிரல் சற்றே விலகியிருப்பதால் தயக்கமும் தாங்கலும் கலந்த ஒரு குறிப்பு உண்டாகின்றது. யாரையோ தடுக்கவும் யாருக்கோ கைகொடுக்கவும் அதே கை பயன்படுகின்றது. அதுவே இத்தொகுப்பின் சிறந்த உறுப்பு என்பது என் மதிப்பீடு. கடைக்காரர் எண்ணிக்கையைச் சொன்னார். ஆறனுள் தேறுவன இரண்டு.

முகங்கள் இரண்டு: அமைதி, சினம். முன்முடியைக் கழற்றி மாற்ற வேண்டும். சினமுகத்தில் தழும்பு நெற்றியின் தவறான பக்கத்தில் அச்சாகியுள்ளது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கருவி

'துணைக்கருவி' என்னும் சொல் இங்கே இடறுகின்றது. பழைய வடஆர்க்காட்டுப் பகுதிக்கு நன்கு அறிமுகமான கட்டைக்கூத்தில், நடிகர் கிரீடம், புயக்கட்டை, மார்புப்பதக்கம் முதலிய மரத்தாலான அணிகளைக் கட்டிக்கொண்ட பின்னரே துரியோதனனாகவோ கர்ணனாகவோ ஆகின்றார். கூத்தின் பெயரே அவ்வணிகளிலிருந்து வந்தது. கட்டை கட்டாதவர் வேடமன்று. அங்கே அணி எதற்கும் துணையாக நிற்பதில்லை. அது பாத்திரத்தின் உறுப்பு. மரப்பாச்சியில் நேர் எதிரான வழக்கம். செதுக்கப்பட்ட மரவுடல் எளிமையாக வரும்; பட்டுத்துணி சுற்றுவதும் மணி கோப்பதும் வீட்டாரின் வேலை. ஒரு வீட்டு மரப்பாச்சி மற்றொரு வீட்டு மரப்பாச்சியைப் போல் இருப்பதில்லை. கட்டையில் அணி மரபால் வரையறுக்கப்பட்டது, மரப்பாச்சியில் அது வைத்திருப்பவரின் கற்பனைக்கு விடப்பட்டது. மூட்டுப்பாவையில் அது விற்பவரால் எண்ணிக் கொடுக்கப்படுகின்றது.

தஞ்சிரோவுடன் வருவன: கருவாள், உறை, முதுகுப்பெட்டி, நீர்வளையம். வாளும் உறையும் தக்கவாறே உள்ளன. உறை இடுப்பில் உறுதியாக நிற்கின்றது. நீர்வளையம் தனியே பேசத்தக்கது. அசைபடத்தில் தஞ்சிரோ வாள் வீசும்போது, ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களை நினைவூட்டும் அலைகள் வாளைச் சூழ்ந்து எழுகின்றன. அது வீச்சின் பாங்கைக் கண்ணுக்குக் காட்டும் உருவகமே; கதையுலகத்துத் தரை அதனால் நனைவதில்லை. படத்தில் உருவகமாக இருந்தது கடையில் நீலநிற ஒளிபுகு நெகிழியாகிவிட்டது. இதனை இழிவாகச் சொல்லவில்லை. ஆடவல்லானைச் சூழ்ந்த திருவாசியின் சுடர்களும் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை உலோகமாக்கியவையே. ஆனால் திருவாசி பீடத்தில் ஊன்றி நிற்கும். ஆடும் உடலின் மேல் அதன் எடை இறங்காது. இந்நீர்வளையமோ வாளின் நுனியில் கவ்வுகின்றது. முழு எடையும் மணிக்கட்டின் ஒற்றை முளைமேல் விழ, ஐந்து நிமிடத்துக்குள் கை தாழ்ந்து வாள் தரையைத் தொடுகின்றது. வீரம் சோர்வாகத் தோன்றுகின்றது.

இனிப் பெட்டி. கதையறிந்த எவரும் முதலில் எடுப்பது இதனைத்தான். இத்தொடரின் உணர்வுமையம் வாளில் இல்லை, அப்பெட்டிக்குள் இருக்கின்றது. எல்லா அரக்கரையும் கொல்லப் புறப்பட்ட ஒருவன், ஓர் அரக்கியைத் தன் முதுகிலேயே சுமக்கின்றான். அம்முரண் இன்றேல் இது நூறு வாள்வீரர் கதைகளுள் ஒன்று. எடுத்துப் பார்த்தேன். மரநரம்புகள் நேர்த்தியாகக் கீறப்பட்டுள்ளன; தோள்வார் இரண்டும் பொருந்துகின்றன; கதவின் விளிம்பு தெளிவாகத் தெரிகின்றது. கதவு திறக்கவில்லை. பெட்டி கெட்டியான ஒரே வார்ப்பு. உள்ளே நெசுகோ இல்லை என்பதோடு, அவள் இருப்பதற்கான வெளியும் இல்லை.

திருவெண்காட்டில் இடபம் இல்லாமலேயே இருக்கின்றது. இங்கே பெட்டி இருந்தும் இல்லை. அச்சுச் செலவு, உள்ளீடற்ற வார்ப்பின் தொல்லை, கீல் ஒன்றைக் கூட்டினால் ஏறும் விலை என வணிகக் காரணங்களை அடுக்கலாம். அவை உண்மையாகவே இருக்கும். ஆயினும் ஒரே தொகுப்பில் பயன்படாத முட்டிக்கை இரண்டைக் கொடுக்க முடிந்தவர், அவற்றுக்குச் செலவிட்ட நெகிழியைக் கொண்டு ஒரு கதவைத் திறந்திருக்கலாம். எதனை எண்ணிக்கையில் கூட்டுவது, எதில் பொருளை வைப்பது என்னும் தேர்வில் படியெடுத்தவர் கதையைப் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடுகின்றது.

பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்துகொடுத்த சிறுதேரைச் சிறுவர் உருட்டிச் செல்லும் காட்சி வருகின்றது. ஏறிச் செல்ல இயலாத தேர் என்றே புலவர் அதனைக் குறிக்கின்றார். அந்நூலின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன்; வேலூர் வட்டாரமும் பழைய தொண்டை மண்டலத்தின் பகுதியே. ஏற முடியாத தேரும் திறக்க முடியாத பெட்டியும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றன்று. தேரின் சக்கரம் உருளும். அதனால் ஏறாமலேயே அது தேராகின்றது. தேருக்கு உருளுதல் எதுவோ, இப்பெட்டிக்குத் திறத்தல் அது.

தொழில் பற்றி ஒரு சொல் தேவைப்படுகின்றது. இப்பாவை எங்கோ செய்யப்பட்டு லாங் பஜாருக்கு வந்தது. ஆனால் விளையாட்டுப்பொருள் செய்யும் திறன் இவ்வட்டாரத்துக்கு அயலன்று. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனத்துக்குக் கோவாவை அடுத்து ராணிப்பேட்டையிலும் ஆலை உண்டு. 'ஜி.ஐ. ஜோ' வீரர்களை இந்தியச் சிறுவர்க்கு அளித்த நிறுவனமும் அதுவே. 2020 பிப்ரவரியில் இறக்குமதி விளையாட்டுப்பொருளின் சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்த்தப்பட்டதன் நோக்கம் உள்நாட்டு உற்பத்தியே. உற்பத்தி பெருகட்டும். எனினும் பிறர் வரைந்த உருவை அச்சில் வார்க்கும் தொழிலுக்கும், எந்தக் கை எதைப் பற்ற வேண்டும் என்று முடிவுசெய்யும் தொழிலுக்கும் இடைவெளி உண்டு. ஆம்பூரின் காலணித் தொழிலாளர்க்கு அவ்விடைவெளி நன்கு தெரியும். அவர்கள் தைத்த காலணிகளிற் பலவற்றின் மேல் இருப்பது வேற்றுநாட்டுப் பெயர். கட்டைக்கூத்தின் கர்ணனுக்கு மூட்டுப்பாவை செய்ய ஒருவர் முன்வந்தால், கிரீடத்தின் அகலத்தால் தோள் எவ்வளவு உயரும், புயக்கட்டை கையை எங்கே தடுக்கும் என்னும் கேள்விகளுக்கு விடைசொல்ல வேண்டியவர்கள் நாட்டாரியல் ஆய்வாளர்கள். 'அழிந்து வருகின்றது' என்னும் தொடர் அப்போது போதாது; அளவுகள் வேண்டும். நம் களக்குறிப்புகளில் அவை அரிதாகவே உள்ளன.

தாங்கி

பாவை தன் காலில் நிற்பது நேர்நிலையில் மட்டுமே. பாயும் நிலைக்கு ஒரு தாங்கி தரப்பட்டுள்ளது: வட்ட அடித்தட்டு, மேலே வளையும் ஒளிபுகு தண்டு, முதுகைக் கவ்வும் இடுக்கி. முதற்குறை: முதுகில் பெட்டியை மாட்டினால் இடுக்கிக்கு இடமில்லை. தங்கையைச் சுமந்துகொண்டு தஞ்சிரோ பாய முடியாது. பாய வேண்டுமெனில் அவளைக் கீழே வைக்க வேண்டும். கதையில் அவன் போர்முனையில் அவ்வாறு செய்வதுண்டு என்பதால் இதனை ஓரளவு மன்னிக்கலாம். இரண்டாவது குறை மன்னிக்க இயலாதது. தாங்கி தன்னை மறைத்துக்கொள்ள முயல்கின்றது, முயன்று தோற்கின்றது. ஒளிபுகும் தண்டில் விரல்தடமும் தூசியும் படிந்து, உருவத்தைவிட முதலில் கண்ணிற்படுவது அதுவே.

கடைத்தெருவிலிருந்து சிறிது நடந்தால் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில். அதன் கல்யாண மண்டபத்துத் தூண்களில், முன்கால்களைத் தூக்கி எழும் குதிரைகளும் யாளிகளும், அவற்றின் மேல் வீரர்களும் உள்ளனர். எழும் விலங்கின் எடையைத் தாங்கியாக வேண்டிய சிக்கல் விசயநகரச் சிற்பிக்கும் இருந்தது. கல் நெகிழியைவிடக் கனமானது. அவன் தாங்கியை மறைக்கவில்லை. உயர்ந்த குளம்புகளுக்குக் கீழே வீரர்களையும் விலங்குகளையும் செதுக்கினான். எடை அவர்கள் வழியே தரைக்கு இறங்குகின்றது. பார்ப்பவர் காண்பதோ ஒரு போர். பாவையை வாங்கிய மாலையே அதனைப் பையில் வைத்துக்கொண்டு அம்மண்டபத்துக்குச் சென்றிருந்தேன். தூணின் அடியில், குளம்பின் எடையைத் தன் தலையில் ஏற்று நிற்கும் சிறிய உருவத்துக்கு அருகே அதனை நிறுத்திப் பார்த்தபோது, உயரம் ஏறக்குறைய ஒத்திருந்தது. கணுக்கால் தளர்ந்ததால் இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை தூணில் சாய்த்து வைத்தேன், நின்றது.